வீட்டுச் சமையலோடு சேர்த்தே நாய்க்கும் சமைக்க முடியுமா? (15 கிலோ நாட்டு நாய்)

வைகைக்கரை:

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயது நாட்டு நாய் இருக்கிறாள். கருத்தடை ஆகிவிட்டது, எடை 15 கிலோ. இப்போது காலையில் பால் சோறு, மதியம் எங்கள் சாம்பார் சாதமோ ரசம் சாதமோ, ராத்திரி தயிர் சாதம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நாய்க்கென்று தரும் கழிவுக் கறியை (தோல், கழுத்து, கால்) மஞ்சள் போட்டு வேகவைத்துத் தருகிறோம். அதைத் தின்ற மறுநாள் பெரும்பாலும் வயிற்றுப்போக்கு. முடி சொரசொரப்பாகி நிறையக் கொட்டுகிறது, ஆனால் இடுப்பில் சதை போட்டிருக்கிறது.

பாக்கெட் உணவு மாதம் முழுக்க வாங்கக் கட்டுப்படியாகாது. காலையில் ஐந்து பேருக்கு டப்பா கட்டுகிற வீட்டில் தனியாக இன்னொரு சமையலுக்கும் நேரமில்லை. எங்கள் சமையலோடு சேர்த்தே அவளுக்கும் ஒழுங்காகச் செய்ய வழி உண்டா? அளவோடு சொன்னால் நல்லது. வெங்காயம் ஆகாது என்கிறார்கள். எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை?

அடுக்களை:

தாராளமாகச் செய்யலாம். தாளிப்பதற்கு முன்னாலேயே அவள் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். நம் சமையலில் நாய்க்கு ஆகாதவை அநேகமாகக் கடைசிக் கட்டத்தில்தான் சேர்கின்றன: புளிக்கரைசல், வதக்கிய வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், நிறைய எண்ணெய். அதற்கு முந்திய நிலையில் சோறு, பருப்பு, காய், கறி எல்லாமே அவளுக்குச் சரிதான்.

15 கிலோ எடையுள்ள, கருத்தடை ஆன நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி போதும். அதற்கு ஒரு நாள் அளவு இப்படி வரும்: தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறி 300 கிராம் (வேகவைக்கும் முன் எடை), கோழி ஈரல் 30 கிராம், அவித்த முட்டை 1, அரிசி 80 கிராம், காய் 100 கிராம், எண்ணெய் 1 டீஸ்பூன். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

80 கிராம் அரிசி என்பது 200 மில்லி டம்ளரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் சாதத்தோடு அதையும் சேர்த்துப் போட்டுவிடலாம். பொரியலுக்கு நறுக்கும்போதே கேரட், பீன்ஸ், பூசணி, சுரைக்காய் என்று இருப்பதில் ஒரு கைப்பிடியைப் பொடியாக நறுக்கிக் குக்கரின் மேலடுக்கில் வைத்துவிடுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் செரிக்காமல் அப்படியே வெளியே வரும். அதனால் வெந்ததும் கரண்டியால் மசித்துவிடுங்கள்.

கறியைத் தினமும் வேகவைக்கத் தேவையில்லை. மூன்று நாளுக்கு 900 கிராம் கறியும் 90 கிராம் ஈரலும் ராத்திரியே குக்கரில் ஒன்றரை டம்ளர் தண்ணீரோடு மூன்று விசில். வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது எதுவும் வேண்டாம். மஞ்சள் ஒரு சிட்டிகை போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை. ஆறியதும் மூன்று டப்பாவில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளைத் தாண்டும் என்றால் ஃப்ரீசர்தான். 300 கிராம் பச்சைக்கறி வெந்தால் 220 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடும். வெந்த பிறகு நிறுப்பவர்கள் அந்தக் கணக்கைப் பிடியுங்கள். இங்கே அளவு தப்புவது வழக்கம்.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே கட்டியாக மிதக்கும், அதை வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சோற்றில் பிசையலாம். அந்த வாசனைக்கே வெறும் சோறும் இறங்கிவிடும்.

இடுப்புச் சதை குறைய வேண்டுமானால் அரிசியைக் குறையுங்கள், கறியைக் குறைக்காதீர்கள். 80 கிராமை 50 ஆக்கினால் நூறு கலோரிக்கு மேல் குறைந்துவிடும்.

கறி எடுக்காத வெள்ளி, செவ்வாயில் மூன்று அவித்த முட்டை, குழைய வெந்த துவரம்பருப்பு (50 கிராம், புளி சேர்க்கும் முன் எடுத்தது), 100 கிராம் தயிர், அதே சோறு, காய், எண்ணெய். வாரத்தில் இரண்டு நாள் இப்படி ஓடும். தினமும் இதுவே என்றால் புரதம் போதாது.

வெங்காயத்துக்கு “இதுவரை பரவாயில்லை” என்று ஒரு அளவு வைத்துக்கொள்ளாதீர்கள். உடல் எடையில் 0.5 விழுக்காடு ஒரே வேளையில் உள்ளே போனாலே ரத்தம் பாதிக்கலாம். அவள் எடைக்கு அது 75 கிராம், அதாவது எட்டுப் பத்துச் சின்ன வெங்காயம். சாம்பாரின் அடியில் கிடப்பதை வழித்துப் போட்டால் அந்த அளவு எளிதாக வந்துவிடும். வதக்கினாலும் கொதித்தாலும் அந்த நச்சு போகாது. பூண்டு எடைக்கு எடை வெங்காயத்தைவிடக் கடுமை. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சிவப்பணுக்கள் சிதையும், உடனே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, பழுப்பு நிற மூத்திரம் என்று வரும்.

மருந்துப்பெட்டி:

அடுக்களை சொன்ன அளவு சரி. ஆனால் அதில் கால்சியம் இல்லை. வீட்டுச் சாப்பாட்டில் முதலில் விடுபடுவதும் அதுதான்.

கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். சாப்பாட்டில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், அதன் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். வளர்ந்த நாயில் இது வெளியே தெரிய மாதக்கணக்காகும். குட்டியிலோ சில வாரத்திலேயே கால் வளைந்துவிடும்.

அவளுக்கு நாளுக்குச் சுமார் 1 கிராம் கால்சியம் வேண்டும். முட்டை ஓட்டுத் தூள் அரை டீஸ்பூனில் அது கிடைத்துவிடும். ஓட்டைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலிலோ வெறும் தோசைக்கல்லிலோ ஈரம் போகக் காயவைத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்துச் சல்லடையில் சலியுங்கள். விரலில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. மைதா மாதிரி வழுக்க வேண்டும். நறநறப்பாக இருந்தால் கால்சியம் உடம்பில் சேராமல் அப்படியே வெளியேறிவிடும். நிறைய அரைத்துப் பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டு, கொடுக்கும்போது சோற்றில் கலக்கலாம்.

கழிவுக் கறியை நிறுத்துங்கள். தோலும் கொழுப்பும் ஒரே நாளில் அவ்வளவு போனால் வயிற்றுப்போக்கோடு நின்றால் நல்லது. கணையம் வீங்கினால் வாந்தி, வயிற்று வலி, முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது என்று உயிருக்கே ஆபத்தாகும். கழுத்து எலும்பும் வேண்டாம். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். குக்கரில் வேகவைத்தால் மெத்தென்று ஆகிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். மெல்லிய எலும்பு அப்படி ஆகும், கால் எலும்பின் நடுப்பகுதி ஆகாது. மட்டன் எலும்பைக் கடித்தால் கடைவாய்ப் பல் பிளந்துவிடும்.

முடி சொரசொரப்புக்குத் துத்தநாகக் குறைவும் நல்ல கொழுப்புக் குறைவும் காரணமாக இருக்கலாம். வெறும் சோறும் பாலும் தின்னும் நாயில் இரண்டும் குறையும். வாரம் இரண்டு நாள் 100 கிராம் கோழிக்குப் பதில் மத்தி மீன் (சாளை) கொடுங்கள். தலையும் குடலும் எடுத்துக் குக்கரில் இருபது நிமிடம் வேகவைத்தால் அதன் முள் விரலில் நசுங்கும், முள்ளோடு மசித்துவிடலாம். மத்தியைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

இவ்வளவு செய்தும் துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் ஈ நான்கும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 2013-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார், நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டார்கள். 95 விழுக்காட்டில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர் எழுதிய குறிப்புகளில்கூடப் பல தேறவில்லை. எனவே மருத்துவரிடம் “வீட்டுச் சாப்பாடு மட்டுமே கொடுக்கிறேன், அதற்கான தாது, வைட்டமின் தூள் வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். முடி பளபளக்க என்று விற்கும் டானிக்குகள் பலவற்றில் எண்ணெயும் பி வைட்டமினும்தான் இருக்கும். லேபிளில் மேலே சொன்ன நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் சாப்பிடும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மெல்லும் வகைகள் சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கும், அது நாயின் சர்க்கரையைச் சரேலென்று இறக்கிவிடும்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. இன்னும் சில சந்தேகம். மாமியார் கேழ்வரகுக் கூழ் கொடுத்தாலே கால்சியம் கிடைக்குமே என்கிறார். வேட்டை நாய்கள் கூழ் குடித்துத்தானே வளர்ந்தன என்றும் கேட்கிறார். ரசம் சாதமாவது கொடுக்கலாமா, அதில் வெங்காயம் இல்லையே? மாமனார் டீ குடிக்கும்போது தினம் நாலு மாரி பிஸ்கட் போடுவார். அதை நிறுத்தச் சொன்னால் வருத்தப்படுவார்.

சிப்பிப்பாறை:

கூழைப் பற்றி அத்தை சொல்வதில் பாதி சரி. நாய்க்குத் தானியமே ஆகாது என்று இணையத்தில் பரப்புவதை நம்ப வேண்டாம். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம். நன்றாக வெந்த கம்போ கேழ்வரகோ சோற்றுக்குப் பதிலாகத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கால்சியம் கணக்கு மட்டும் உதைக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். கூழுக்கு 50 கிராம் மாவு போட்டால் 175 கிடைக்கும், தேவை 1000. அதிலும் தானியத்தின் உமிப்பகுதியிலுள்ள பைட்டேட் என்ற பொருள் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூழ் கொடுங்கள், முட்டை ஓட்டுத் தூளையும் விடாதீர்கள். வேட்டை நாய்களுக்குக் கூழோடு முயலும் எலியும் எலும்போடு கிடைத்தன. வீட்டு நாய்க்கு அது ஏது?

ரசத்தில் பூண்டு இருக்கிறது, புளி இருக்கிறது. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது பழைய செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டது பதிவாகியிருக்கிறது. தட்டில் சிந்திய ஒரு கரண்டி ரசத்துக்குப் பதற வேண்டாம். தினச் சாப்பாடாக வேண்டாம். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சையும், வெளியே திறந்து வைத்த புளிப்பானையும் அவள் வாய்க்கு எட்டக் கூடாது.

பால் சோற்றை நிறுத்துங்கள், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. தயிரில் அது குறைவு, இரண்டு கரண்டி கலக்கலாம். ஆனால் வெறும் தயிர் சாதம் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது.

பிஸ்கட் விஷயம்: ஒரு மாரி பிஸ்கட் ஏறக்குறைய 24 கலோரி. நாலு போட்டால் நூறை நெருங்கும். தின்பண்டமாகப் போவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அவளுக்கு அது 85 கலோரி. இடுப்புச் சதைக்கு முதல் சந்தேகம் அங்கேதான். பெரியவரைத் தடுக்க வேண்டாம். காலையில் அவள் பங்கிலிருந்தே வெந்த கேரட், ஓரிரு கறித்துண்டு எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் யார் கொடுப்பதானாலும் அந்த டப்பாவிலிருந்துதான். காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். தன் கையால் கொடுத்த திருப்தி அவருக்கும் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் தட்டைப் பார்த்து உட்காரும் பழக்கம் போக, எல்லாரும் சாப்பிட உட்காரும் முன் அவளுக்கு வைத்துவிடுங்கள். ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு ஒரு வாய் கொடுத்தாலும் அந்தப் பழக்கம் போகாது.

எடை சரியா என்று பார்க்க விலாவைத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. மாதம் ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள்.

மருந்துப்பெட்டி:

மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஒரு வாரத்துக்கு மேல் போனதும் முழுதாக. இடையில் மலம் இளகினால் முந்தைய அளவுக்கே திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். ஈரலை அளவுக்கு மேல் போட்டாலும் மலம் இளகும். வைட்டமின் ஏ-யும் உடம்பில் தங்கிவிடும், எனவே 30 கிராமோடு நிறுத்துங்கள்.

முடி தேற ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதற்குள் காதின் மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் ஈறு வெளுக்கும், சோர்வு வரும், வெங்காய நச்சிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது. ரத்தப் பரிசோதனைதான் வழி. வருஷக்கணக்கில் சாம்பார் தின்றவள் என்பதால் ஒருமுறை ரத்த அணுக்களையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துவிடுவது நல்லது.

ஆகாததைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க உப்புக்கரைசல் புகட்டாதீர்கள். அந்த உப்பே வலிப்பை வரவழைக்கும். என்ன தின்றாள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் ராத்திரி யார் பார்ப்பார்கள் என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். காய்ச்சல் என்று நம் பாரசிட்டமாலை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

வைகைக்கரை:

ஞாயிறு ராத்திரி கறியை வேகவைத்துத் தொடங்குகிறேன். தோசை மாவு அரைக்கும்போது கிண்ணத்தை நக்கவிடுவது உண்டு, அது பரவாயில்லையா?

அடுக்களை:

அரைத்ததும் கிண்ணத்தில் ஒட்டியிருப்பதை நக்கினால் பயமில்லை. புளித்துப் பொங்கிய மாவை எட்டாத இடத்தில் வையுங்கள், வயிற்றுக்குள் போயும் அது புளித்துக் காற்றை உண்டாக்கும். வெந்த இட்லி, எண்ணெய் விடாத தோசைத் துண்டு கொடுக்கலாம், அதையும் அந்த டப்பாக் கணக்கில் சேருங்கள். மாம்பழக் காலத்தில் கொட்டையைக் குப்பைக்கூடையில் திறந்து போடாதீர்கள். முழுதாக விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும், அறுவை செய்துதான் எடுக்க வேண்டிவரும். சோளக் கட்டைக்கும் இதே எச்சரிக்கைதான்.