அமெரிக்க இலக்கிய வரலாறு மண்டையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, எங்கிருந்து பிடிப்பது?

கடைசிபெஞ்ச்:
எம்.ஏ. ஆங்கிலம் முதல் வருடம். கைடு வைத்துத்தான் ஓட்டுகிறேன். பியூரிட்டன் காலம், டிரான்ஸென்டென்டலிசம், ரியலிசம், மாடர்னிசம் என்று ராத்திரி மனப்பாடம் செய்தால் காலையில் எதற்கு அப்புறம் எது என்பதே குழம்பிவிடுகிறது. எல்லா நாவலையும் படிக்க நேரமில்லை. வழி சொல்லுங்கள்.

நூலகப்பூனை:
இசங்களைத் தூக்கிப் போடுங்கள். 1850 முதல் 1855 வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1850இல் ஹாதார்னின் 'ஸ்கார்லெட் லெட்டர்', மறு வருடம் மெல்வில்லின் 'மோபி டிக்' (அதை ஹாதார்னுக்குத்தான் சமர்ப்பித்தார்), 1854இல் தோரோவின் 'வால்டன்', 1855இல் விட்மனின் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்'. விட்மன் கதை தமாஷானது. முதல் பதிப்பில் பன்னிரண்டே கவிதைகள், சொந்தக் காசில் போட்டது, தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரே கிடையாது. அப்போதே பெரிய பெயர் எடுத்திருந்த கட்டுரையாளர் எமர்சனுக்கு ஒரு பிரதி அனுப்ப, அவர் பாராட்டிக் கடிதம் எழுத, நம்ம ஆள் அனுமதிகூடக் கேட்காமல் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து 1856 பதிப்பின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டார்! இப்படி யாருக்கு யார் எழுதினார்கள் என்று பிடித்துக்கொண்டு போனால் வருடங்கள் தானாக நிற்கும்.

மறுபக்கம்:
பூனை சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் அந்த ஐந்து வருடக் கணக்கே 1941இல் மத்தீஸன் என்ற விமர்சகர் 'அமெரிக்கன் ரெனெசான்ஸ்' நூலில் போட்டது. அவர் எடுத்துக்கொண்ட ஐந்து பேரும் வெள்ளைக்கார ஆண்கள். அதே காலத்தில், 1852இல், புத்தகமாக வந்து விற்றுத் தள்ளியது ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. அடிமையாக இருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845இலேயே தன் கதையை எழுதிவிட்டார். மெல்வில்லோ 'மோபி டிக்' போணியாகாமல், பின்னால் நியூயார்க் சுங்கத்துறையில் பத்தொன்பது வருடம் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு 1891இல் போய்ச் சேர்ந்தார்; அவரைத் திரும்ப எடுத்து வைத்தது 1920கள். எமிலி டிக்கின்சன் கிட்டத்தட்ட 1800 கவிதை எழுதி, உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தது பத்துப் பன்னிரண்டுதான். ஆகவே நோட்டில் நடுவே கோடு இழுத்து இரண்டு பத்தி போடுங்கள்: எழுதிய வருடம் ஒன்று, ஊர் கவனித்த வருடம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இடைவெளியைத்தான் நான் வரலாறு என்பேன். கைடில் அது இருக்காது.

நூலகப்பூனை:
மத்தீஸன் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், சரிதான். எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறேன். டிக்கின்சனிலும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: 1890இல் முதல் தொகுப்பு போட்டவர்கள் அவர் வரிகளுக்கு நடுவே போட்ட சிறு கோடுகளையும் (டேஷ்) எதுகையையும் 'திருத்தி'விட்டார்கள், அவர் எழுதியபடியே முழுத் தொகுப்பு வர 1955 ஆனது.

கடைசிபெஞ்ச்:
இரண்டு பத்தி நோட்டு ராத்திரியே ஆரம்பித்துவிட்டேன். மெல்வில் மட்டும் சட்டென்று நின்றுவிட்டார், சுங்கத்துறையால். முழுசாக ஒன்று படிக்க வேண்டுமென்றால் எது?

நூலகப்பூனை:
முழுசாக வேண்டாம். 'வால்டன்' எடுத்து 'தி பாண்ட் இன் விண்டர்' அத்தியாயம் மட்டும் படியுங்கள், சின்னதுதான். குளிர்காலத்தில் ஆட்கள் வந்து, தோரோ குடியிருந்த வால்டன் குளத்து ஐஸை அறுத்துக்கொண்டு போகிறார்கள், தோரோ கரையில் நின்றுகொண்டு, மெட்ராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வேகிறவர்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்கிறார். அமெரிக்க ஐஸ் அப்போது நிஜமாகவே கப்பலில் மெட்ராஸ் வந்தது.

கடைசிபெஞ்ச்:
மெரினா பக்கம் அந்த ஐஸைச் சேர்த்து வைத்த ஐஸ் ஹவுஸா?! தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் காலேஜ் போகிறேன்.