கிளவுடில் லினக்ஸ் விஎம்: போர்ட் 22ஐ மாற்றவா, மூடவா, அப்படியே விடவா?

புதுவரவு:
கிளவுடில் ஒரு சின்ன விஎம் (மெய்நிகர் கணினி) எடுத்து உபுண்டு 24.04 லினக்ஸ் போட்டிருக்கிறேன். உருவாக்கும்போது பாஸ்வேர்ட் கொடுத்தேன். அப்புறம் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்குச் சாவிக் கோப்பு சேர்த்து, அதன் சர்வர் நிரலான எஸ்எஸ்ஹெச்டியின் கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்ட் நுழைவுக்கு 'நோ' போட்டுவிட்டேன். ஐபி முகவரியை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் நுழைவு முயற்சிகள் பதிவாகும் லாக்கைத் திறந்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்று வரிசையாக யாரோ நுழையப் பார்க்கிறார்கள். எஸ்எஸ்ஹெச் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் 22ஐ வேறு எண்ணுக்கு மாற்றிவிடவா?

கருப்புத்திரை:
வேண்டாம். உங்களைக் குறிவைத்து யாரும் வரவில்லை. 2013ல் இசட்மேப் என்ற ஸ்கேன் கருவி வந்தபோதே ஒரு போர்ட்டை மொத்த ஐபிவி4 முகவரிகளிலும் 45 நிமிடத்தில் தட்டிப் பார்க்க முடிந்தது. இப்போது பாட்களுக்கு (தானியங்கி நிரல்களுக்கு) அதுதான் முழுநேர வேலை. சாவி மட்டும்தான் செல்லும் என்றால் தட்டிக்கொண்டே இருக்கட்டும், ஒன்றும் ஆகாது.

மேகவண்ணன்:
ஒன்றும் ஆகாதா? எஸ்எஸ்ஹெச்டியிலேயே இருந்து 2024 ஜூலையில் வெளியான ரெக்ரெஷன் ஓட்டை மறந்துவிட்டதா? சாவியைக் கேட்பதற்கு முன்பே ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் வரை போகக்கூடிய ஓட்டை அது. கிளவுட் ஃபயர்வாலில் 0.0.0.0/0 (எல்லா ஐபிக்கும் திறப்பு) என்ற விதியை எடுத்துவிட்டு உங்கள் ஐபிக்கு மட்டும் திறங்கள்.

கருப்புத்திரை:
மறக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் செய்து காட்டியது 32-பிட் கணினியில். அதற்கே சராசரியாக 10,000 முயற்சி, ஆறு முதல் எட்டு மணி நேரம். திருத்தம் அன்றைக்கே வந்தது, உபுண்டு பாதுகாப்பு அப்டேட்டைத் தானாகவே போட்டுக்கொள்ளும். நீங்கள் சொல்வதுபோல் செய்தால், வீட்டு ஐபி மாறியதும் சொந்த சர்வருக்கே வெளியே நிற்க வேண்டியதுதான்.

மேகவண்ணன்:
வெளியே நிற்பானேன்? பிரவுசரில் கன்சோலைத் திறந்து விதியில் ஐபியை மாற்றினால் முடிந்தது. அதுவும் அலுப்பு என்றால் அமேசானில் செஷன் மேனேஜர் இருக்கிறது: விஎம்முக்குள் இருக்கும் ஏஜென்ட் வெளியே போய் இணைவதால் உள்ளே வர ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டாம். கூகுளில் ஐஏபி என்ற இடைவழிச் சேவை, அதன் முகவரித் தொகுதியான 35.235.240.0/20க்கு மட்டும் 22ஐ விட்டால் போதும். அப்டேட்டை அவ்வளவு நம்பாதீர்கள். 2024 மார்ச்சில் அம்பலமானதே, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த பின்கதவு, அது வந்தது அப்டேட் வழியாகத்தானே?

கருப்புத்திரை:
அது உபுண்டுவின் நிலையான வெளியீடு எதற்கும் வந்து சேரவில்லை, முன்பே பிடித்துவிட்டார்கள்.

இரவுக்காவல்:
நடுவில் ஒரு வார்த்தை. நான் 2222க்கு மாற்றினேன், லாக் சுத்தமாகிவிட்டது. மாற்றுகிறவர்களுக்கு: 24.04ல் கான்ஃபிக்கில் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. போர்ட்டைப் பிடித்திருப்பது எஸ்எஸ்ஹெச் சாக்கெட், அதை நடத்துவது சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி. சிஸ்டம்டியை ரீலோட் செய்து, சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். புதிய எண்ணை ஃபயர்வாலில் முதலில் திறந்துவிடுங்கள்.

மேகவண்ணன்:
லாக் அமைதியாக இருப்பதும் சர்வர் பத்திரமாக இருப்பதும் வேறு வேறு. தேடுகிறவன் 2222ஐயும் தேடுவான்.

கருப்புத்திரை:
இதில் நானும் மேகவண்ணன் பக்கம்தான். போதாததற்கு, 1024க்கு மேலே போனால் ரூட் அல்லாத ப்ரோகிராம்கூட அந்த எண்ணைப் பிடிக்கலாம். அது இருக்கட்டும். புதுவரவு, சூடோ (ரூட் அதிகாரம்) போட்டு 'எஸ்எஸ்ஹெச்டி -டி' ஓட்டுங்கள், டி பெரிய எழுத்து. எல்லாக் கோப்புகளையும் படித்தபின் செல்லுபடியாகும் அமைப்பை அது காட்டும். பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் வரியில் என்ன இருக்கிறது?

புதுவரவு:
'யெஸ்' என்று வருகிறது! கோப்பில் 'நோ'தான் இருக்கிறது, இப்போதுகூடப் பார்த்தேன்.

கருப்புத்திரை:
நினைத்தேன். பாஸ்வேர்ட் கொடுத்து உருவாக்கியதால், விஎம் முதல்முறை எழும்போது அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் தன் பங்குக்கு ஒரு கோப்பை எழுதியிருக்கும். எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்.டி அடைவில் 50-கிளவுட்-இனிட் என்று பெயர் தொடங்கும், பாருங்கள். உபுண்டுவில் அந்த அடைவுதான் முதலில் படிக்கப்படுகிறது. முதலில் கிடைத்த மதிப்பையே எஸ்எஸ்ஹெச்டி எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. அங்கே 'நோ' ஆக்கி எஸ்எஸ்ஹெச்சை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இருக்கிற டெர்மினலை மூடாமல், இன்னொன்றில் சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேகவண்ணன்:
ஆக, இவ்வளவு நேரமும் பாஸ்வேர்ட் கேட்டபடி உலகத்துக்கே திறந்து கிடந்திருக்கிறது. ஃபயர்வால் விதி ஒன்று இருந்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

கருப்புத்திரை:
விதி இருந்திருந்தால் அந்த 'யெஸ்' யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஐபி மாறி ஒருநாள் எரிச்சலில் எல்லோருக்கும் திறந்துவிடுவார், அன்றைக்கு மாட்டியிருப்பார்.

புதுவரவு:
கோப்பை மாற்றியாயிற்று. இன்னொரு டெர்மினலில் சாவி வேலை செய்கிறது, பாஸ்வேர்டை ஏற்கவில்லை. பாஸ்வேர்டால் வெற்றிகரமாக நுழைந்தவர்கள் யார் என்று லாக்கில் தேடினேன், என் முதல் நுழைவு மட்டும்தான் இருக்கிறது. இப்போதைக்கு 22ஐ என் ஐபிக்கு மட்டும் விட்டிருக்கிறேன். மாறினால் கருப்புத்திரையிடம் சொல்லமாட்டேன்.