நேரா ஆடுற தூளி எனக்கு மட்டும் வட்டமடிக்குது

காரைக்குடி ஆச்சி:
வலக்கண்ணில் புரை ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. இடக்கண் இன்னும் மங்கல்தான். வெள்ளிக்கிழமை பேத்தியைத் தூளியில் போட்டு ஒரு தள்ளு தள்ளிட்டு எதிரே உட்கார்ந்தேன். இடமும் வலமுமா ஆட வேண்டிய தூளி வட்டம் போடுது! வலப்பக்கம் போறப்ப பின்சுவரை உரசப் போற மாதிரி, இடப்பக்கம் திரும்புறப்ப என் முழங்காலுக்கே வந்துட்ட மாதிரி. பதறி எழுந்து கயிற்றைப் பிடிச்சுட்டேன். மருமகள், "நேராத்தானே ஆடுது அத்தை" என்கிறாள். ஒரு கண்ணைப் பொத்தினால் எனக்கும் நேராத்தான் ஆடுது. வேற யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?

ஈரோட்டுக்காரன்:
பயப்படாதீங்க ஆச்சி, டாக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இதுக்குப் பேர் புல்ஃப்ரிக் விளைவு. மங்கலான கண்ணோட சேதி மூளைக்குச் சில மில்லிசெகண்ட் பிந்திப் போகுது. அதுக்குள்ள தூளி நகர்ந்துடுறதால ரெண்டு கண்ணும் ஆளுக்கொரு இடத்தைச் சொல்லுது. மூளை அந்த வித்தியாசத்தைத் தூரம்னு எடுத்துக்குது. அசையாத பொருளில் இந்த வம்பே கிடையாது.

காலேஜில் ஒரு நட்டை நூலில் கட்டி ஆட்டி, உடைஞ்ச கூலிங் கிளாஸின் ஒத்தைச் சில்லை ஒரு கண்ணில் வெச்சுப் பார்த்தேன். நீள்வட்டமா சுத்துச்சு. சில்லை அடுத்த கண்ணுக்கு மாத்தினதும் எதிர்ப்பக்கமா சுத்துச்சு! 1922ல் இதை எழுதின கார்ல் புல்ஃப்ரிக் ஜெர்மனியில் லென்ஸ் செய்யுற ஜைஸ் நிறுவனத்தில் இருந்தவர். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. தான் விளக்கினதை அவரே பார்க்க முடியலைங்கிறதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ராத்திரி ஷிப்ட்:
எனக்கு நடந்தது நிறத்தில். பார்வையை ஆராயுற ஷிமோஜோங்கிறவரோட குழு 2004ல் வெளியிட்ட புள்ளிச் சோதனையை நண்பன் லேப்டாப்பில் காட்டினான். திரையின் நடுவில் சிவப்புப் புள்ளிகள் மேல்நோக்கி ஓடுது, பச்சை கீழ்நோக்கி ஓடுது. ஓரத்தில் அப்படியே தலைகீழ். ஆனா நடுவில் கண்ணை நிறுத்தினால் ஓரத்திலும் சிவப்புதான் மேலே போகுது. கண்ணைத் திருப்பினால் குட்டு உடையுது. மறுபடி நடுவுக்கு வந்தேன், தெரிஞ்சே ஏமாந்தேன். நிறத்தை ஒரு பகுதியும் ஓட்டத்தை இன்னொரு பகுதியும்தான் மூளையில் பெரும்பாலும் கவனிக்குதாம். ஓரத்தில் எது எதோட சேருதுன்னு புரியாம, நடுவில் இருக்கிற ஜோடியையே அங்கேயும் ஒட்டிடுது போல. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுற கதை.

காரைக்குடி ஆச்சி:
டாக்டர்கிட்ட சொன்னேன் தம்பி. ரெண்டு கண்ணும் சமமானா சரியாயிடும்னார். அடுத்த மாசம் இடக்கண். அதுவரைக்கும் தனியா ரோட்டைக் கடக்கக் கூடாதுன்னு மகன் உத்தரவு. தூளியை இப்போ சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் ஆட்டுறேன்.