டாக்சினுக்கு ‘விளைநஞ்சு’ பொருந்துமா?

பட்டர்வொர்த், திங்கள் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டாக்சினைத் (உயிர்களால் உண்டாகும் நஞ்சை) தமிழில் எப்படிச் சொல்வது என்று செந்தூல் அக்கா தொடங்கிவைத்த இழையை இன்றுதான் முழுவதும் படித்தேன். கோயில் அன்னதானக் குழுவினருக்காக மலாயிலிருந்து பெயர்க்கும் துண்டறிக்கையில் ‘தொக்சின் செமுலா ஜாடி’ என்று வரும் இடங்களிலெல்லாம் ‘இயற்கை நச்சு’ என்று போட்டிருக்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் ‘இயற்கை’ இப்போது நம்மிடையே செல்லப்பிள்ளை. இயற்கை உரம், இயற்கை உணவு, இயற்கைச் சவர்க்காரம் என்று எதன் தலையில் அதை வைத்தாலும் விலை இரண்டு வெள்ளி கூடுகிறது. ‘இயற்கை நச்சு’ என்று படிக்கும் சமையல்காரர், ‘இயற்கைதானே, ஒன்றும் செய்யாது’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். நாம் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிர்.

‘நச்சு’ மட்டும் போதுமே என்கிறார் ஈப்போ நண்பர். போதாது என்பது என் கட்சி. இரும்பு இருப்புப்பாதையில் இருப்பு ஆவதைப்போல, கரும்பு கருப்பஞ்சாறு ஆவதைப்போல, நஞ்சு வேற்றுமைப் புணர்ச்சியில் நச்சு ஆகிறது. ஆக இரண்டும் ஒரே சொல். அந்த ஒன்றையே ஆலைக்கழிவு, பாம்பின் பல், களைக்கொல்லி, கார்ப்புகை எல்லாவற்றுக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு நச்சுதல் என்றால் விரும்புதல். ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்று 1008-ஆம் குறளில் வள்ளுவர் இரண்டு பொருளையும் ஒரே மூச்சில் வைத்து விளையாடியிருக்கிறார். கருவுக்கு ஊட்டம் கொடுக்கும் கொடிக்கும் நச்சுக்கொடி என்றுதான் பெயர்! இத்தனை சுமக்கும் சொல்லின் முதுகில் இன்னொரு மூட்டையா?

ஈப்போ நண்பர் கோபிக்கக் கூடாது. இந்த விவாதத்தில் அவருடைய ஊருக்குத் தனி மரியாதை உண்டு. கிரேக்கத்தில் ‘தொக்சோன்’ என்றால் வில். ‘தொக்சிகோன்’ என்பது அம்பில் தடவும் நஞ்சு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியரான லுட்விக் பிரீகர், கிருமிகள் உண்டாக்கும் நஞ்சுக்கு இந்த வேரிலிருந்து டாக்சின் என்று பெயர் வைத்தார். நம் காட்டில் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவியது ஈப்போ மரத்தின் பால். ஊர்ப்பெயரே அந்த மரத்தின் பெயர்தான். டாக்சின் என்று ஓர் ஊருக்குப் பெயர் வைக்கலாம் என்றால் அந்தத் தகுதி ஈப்போவுக்கு எப்போதோ வந்துவிட்டது.

கிரேக்கர்கள் மருந்துக்கும் நஞ்சுக்கும் ‘பார்மகோன்’ என்று ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். நாம் மட்டும் என்ன? தோட்டத்தில் புல்லுக்கு அடித்தது மருந்து. ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சோற்றில் ஒளித்து வைப்பது இடுமருந்து. இந்த ‘இடு’வைப் பார்த்ததும்தான் எனக்கு வழி பிறந்தது. மனிதர் கொண்டுவந்து இடுவது இடுநஞ்சு: களைக்கொல்லி, எலிப்பாஷாணம், உணவில் சேர்க்கும் போரிக் அமிலம். யாரும் இடாமல் ஓர் உயிரால் உண்டாவது விளைநஞ்சு. வினைத்தொகையாகையால் விளைந்த, விளைகிற, விளையும் நஞ்சு மூன்றும் அதில் அடங்கும். டாக்சினுக்கு இதை முன்மொழிகிறேன்.

காலம் ஏன் முக்கியம் என்பதை நான் பார்த்த ஒன்றைக்கொண்டு சொல்கிறேன். உணவுச் சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருந்த நாட்களில் நிலக்கடலை மூட்டைகள் வரும். அள்ளி எடுத்து அரைத்து, கரைப்பானில் குலுக்கி வடித்து, அந்தச் சாற்றை வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் ஊசிமுனையளவு பொட்டாக வைப்போம். கரைப்பான் தகட்டில் ஊறி மேலேற, பொட்டில் உள்ளவை தனித்தனியே பிரிந்து மேலே போகும். பிறகு இருட்டறை. புறஊதா விளக்கைப் போட்டதும், வெறும் வெள்ளையாக இருந்த தகட்டில் நீலப் பொட்டு ஒன்று எரியும். அதுதான் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சின் பி1. நீலத்துக்கு ஆங்கிலத்தின் பி, பச்சையாக ஒளிர்வதற்கு ஜி. பசு அதைத் தின்று பாலில் வருவதற்கு எம். முதன்முறை பார்த்தபோது எனக்கு நீலகண்டர் ஞாபகம்தான் வந்தது. பக்கத்தில் நின்ற அதிகாரி சீனர். நான் ஏன் சிரித்தேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கடலை வயலில் நன்றாகவே விளைந்திருக்கலாம். நம் ஊர் ஈரத்தில், காற்றோட்டமில்லாத கிடங்கில், பூஞ்சை பிடித்தபின் நஞ்சு விளைகிறது. அதுவும் மூட்டை முழுவதும் பரவி நிற்காது. ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்க, சுருங்கிப்போன நாலைந்து பருப்பில் மொத்தமும் குந்தியிருக்கும். எனவே எங்கிருந்து எவ்வளவு அள்ளுகிறோம் என்பதில்தான் பாதிச் சோதனை இருக்கிறது. கருவி என்னதான் விலையுயர்ந்ததாக இருந்தாலும் தவறாக அள்ளிய கைப்பிடியைத் திருத்தாது. பதப்படுத்தப் போகும் கடலைக்குக் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத்தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு டன்னில் 15 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடைகூட வராது. வறுத்தாலும் முழுவதும் போகாது.

1960-இல் இங்கிலாந்தில் கடலைப்பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தபோதுதான் இது உலகுக்குத் தெரிந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1988-இல் பேராக்கில் ‘லோ ஷி ஃபன்’ என்ற அரிசி நூடல்ஸ் தின்று 13 குழந்தைகள் இறந்தார்கள். முதலில் போரிக் அமிலத்தின்மேல் பேச்சு போனது. பிறகு வந்த ஆய்வு அஃப்ளாடாக்சினைக் காரணமாகக் காட்டியது. இடுநஞ்சா, விளைநஞ்சா என்பது அன்று சொல்லாராய்ச்சியாக இருக்கவில்லை.

அடுத்தது பாம்பு. கடித்தோ கொட்டியோ உடலில் ஏற்றும் நஞ்சான வெனம் என்பதற்கும் நஞ்சு என்றே எழுதிவருகிறோம். மலாய்க்காரர்கள் தின்றால் கொல்வதை ராச்சுன் என்றும் கடித்தும் கொட்டியும் ஏறுவதை பீசா என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். பீசா வேறெதுவுமில்லை, நம் விஷத்தின் மூலமான வடசொல்தான் அங்கே போய் வேலை செய்கிறது. நாமும் விஷக்கடி என்கிறோம், யாரும் நஞ்சுக்கடி என்பதில்லை. ஆகவே வெனத்துக்கு விடம் என்று ஒதுக்கிவிடலாம். தனித்தமிழ் நண்பர்கள் பொறுத்தருள்க. பிரித்துச் சொல்லாவிட்டால் சந்தையில் குழப்பம்: செம்பிலாங் கெளுத்தியின் முள் குத்தினால் கை வீங்கும், ஆனால் குழம்பு அருமை. புந்தால் என்கிற பேத்தை மீன் யாரையும் குத்தாது, ஆனால் தின்றால் ஆளைக் கொல்லும். இரண்டையும் ‘விஷ மீன்’ என்றால் நல்ல மீன் குப்பைக்குப் போகும்.

விடத்துக்குப் பினாங்கில் தனி வரலாறு உண்டு. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் ஊதுவத்திப் புகைக்கு நடுவே சுருண்டு கிடக்கும் பச்சைநிற விரியனின் விடத்திலிருந்து பிரித்த சிறு புரதத் துண்டுகளுக்கு வாக்லெரின் என்று பெயர். 1950-களில் பினாங்கு பொது மருத்துவமனையில் இருந்த அலிஸ்டர் ரீட், வலை இழுக்கும்போது கடற்பாம்பிடம் கடிபட்டு வந்த மீனவர்களைக் கவனித்து, அந்த விடம் தசையைச் சிதைப்பதை விளக்கினார். மலாயா குழிவிரியன் கடித்தவர்களின் இரத்தம் உறையாமல் இருந்ததையும் அவர் பதிவுசெய்தார். அதன் தொடர்ச்சியாக ஆன்க்ரோட் என்ற உறைவுத்தடுப்பு மருந்து வந்தது. மருந்தும் நஞ்சும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றேனே!

எல்லா நஞ்சுகளையும் ஆராயும் டாக்சிகாலஜிக்கு நச்சியல் இருக்கட்டும். உயிர்களால் உண்டாகும் நஞ்சை மட்டும் ஆராய டாக்சினாலஜி என்று தனித்துறை ஒன்று இருக்கிறது. அதற்கான பன்னாட்டுச் சங்கம் 1962-இல் ஏற்பட்டது. அதை விளைநச்சியல் என்போம்.

கருத்துகளை எதிர்நோக்கும்,
பட்டர்வொர்த்துக்காரன்

*

செந்தூல், செவ்வாய் மாலை

ஐயா, வணக்கம்.

உங்கள் மடலை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் இன்று ஆறாம் ஆண்டு வகுப்பில் ‘விளைநஞ்சு’ என்று கரும்பலகையில் எழுதி, என்னவாக இருக்கும் என்று கேட்டேன். முதலில் கையைத் தூக்கிய பையன், “மருந்தடித்த கீரை, டீச்சர்!” என்றான். விளை என்றதும் அவனுக்கு விளைச்சல்தான் கண்ணில் தெரிகிறது. நீங்கள் இடுநஞ்சு என்று எதை ஒதுக்கினீர்களோ, அதையே அவன் விளைநஞ்சில் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

‘உயிரிநஞ்சு’ என்று எழுதினேன். இரண்டு பேர் பாம்பு என்றார்கள், ஒருத்தி காளான் என்றாள். உயிரி என்ற சொல் பாடநூலில் பழகியது. நமக்கு வேண்டியது அதுதானே? எளியதை விட்டுவிட்டு ஏன் சுற்ற வேண்டும்?

விடம் எனக்குச் சம்மதம்.

*

பட்டர்வொர்த், செவ்வாய் நள்ளிரவு

அக்கா, அந்தப் பையனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவன் கேட்டது நியாயம், நான் அதை யோசிக்கவில்லை.

இருந்தாலும் உயிரிநஞ்சில் எனக்கு இரண்டு இடறல்கள். ‘உயிரி உரம்’, ‘உயிரிப் பூச்சிக்கொல்லி’ என்று கடைகளில் வரத் தொடங்கிவிட்டது. ‘இயற்கை’க்கு நேர்ந்தது அதற்கும் நேரும். இன்னொன்று, எந்த உயிரி என்ற கேள்வி உடனே எழும். பேத்தை மீனின் ஈரலில் இருக்கும் டெட்ரோடாக்சினை மீன் தானாக உண்டாக்குவதில்லை. பாக்டீரியாவில் விளைந்தது, இரை வழியாக வந்து மீனில் தங்குகிறது. சுத்தமான தீனி போட்டு வளர்த்த பேத்தைகளில் அது இல்லாமலும் போகிறது. இது விளைந்த நஞ்சு. மரவள்ளிக் கிழங்கு முழுதாக இருக்கும்வரை அதில் சயனைடு வெளிப்படுவதில்லை. சயனைடைப் பூட்டி வைத்திருக்கும் லினமரின் என்ற பொருள் ஓர் அறையில், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையில். துருவினால் இரண்டும் சந்தித்து, அந்தக் கணத்தில் சயனைடு விளைகிறது. கெம்போங் மீனை வெயிலில் போட்டு வைத்தால் பாக்டீரியா அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றும். காலையில் நல்ல மீன், மாலையில் சாப்பிட்டவர் முகம் சிவந்து அரிப்பெடுக்கும். கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. இது விளையும் நஞ்சு. மீனும் உயிரி, பாக்டீரியாவும் உயிரி, கிழங்கும் உயிரி. யார் செய்தது என்று சமையல்காரர் கேட்கப் போவதில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்பார். அந்த ‘எப்போது’ விளைநஞ்சில் இருக்கிறது.

பள்ளிப் பாடத்துக்கு உயிரிநஞ்சு போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. துண்டறிக்கையில் மட்டும் முதல்முறை வரும் இடத்தில் இப்படி அச்சிடலாமா: ‘விளைநஞ்சு என்பது மருந்தடித்ததால் வந்ததன்று, உணவிலோ மீனிலோ தானாக உண்டாகும் நஞ்சு. கழுவினாலும் வேகவைத்தாலும் பல விளைநஞ்சுகள் போகமாட்டா.’ உங்கள் மாணவனிடம் இதைப் படித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். அவன் மறுபடியும் கீரை என்றால், தோற்றேன்.

அச்சகத்துக்கு வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் பெலாங்காஸ் என்கிற குதிரைலாட நண்டு பற்றிய வரி விடுபட்டிருக்கிறது. வால் உருண்டையாக இருக்கும் சதுப்புநில வகையில் சில வேளைகளில் டெட்ரோடாக்சின் இருப்பதால் அதன் முட்டையை வாங்க வேண்டாம் என்று சேர்த்துவிடுங்கள். முக்கோண வால் படத்தையும் உருண்டை வால் படத்தையும் நாளை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.