குரங்கு சாகும்வரை காத்திருக்கணுமா? முதுமலைப் பக்கம் உண்ணிக் கண்காணிப்பு

மலைக்காடு:
காட்டு உண்ணி கடிச்சு மனுஷனுக்கும் குரங்குக்கும் வர்ற வைரஸ் நோய் குரங்குக் காய்ச்சல். 1957ல் கர்நாடகத்துச் சிவமொக்கா மாவட்டம் கியாசனூர் காட்டில் தெரியவந்தது. ரொம்ப காலம் அந்த வட்டாரத்தோட நின்றது. 2012 கடைசியில் பந்திப்பூரில் குரங்குகள் செத்தன, அவற்றை எடுத்து எரித்த ஆட்களுக்கே காய்ச்சல் கண்டது. அப்புறம் நீலகிரியில் செத்த குரங்குகளிலும் வைரஸ் இருந்தது, வயநாட்டில் மனுஷங்களுக்கும் வந்தது. மூணும் ஒரே காடு. குரங்கு சாகட்டும்னு காத்திருக்காம, முதுமலை, கூடலூர், பந்தலூரில் உண்ணிகளைப் பிடித்துத் தொடர்ந்து சோதிக்கணும். மனு எழுதலாம்னு இருக்கேன். கால்நடை மருத்துவரா சொல்றேன்.

காய்ச்சல் வார்டு:
டாக்டர், நான் உடன்படலை. வெள்ளைத் துணியைச் சருகுமேல இழுத்து, ஒட்டுற உண்ணியை இடுக்கியால எடுத்து, பலதைச் சேர்த்து அரைச்சுத்தான் சோதிக்கணும். அதில் வைரஸ் இல்லைன்னு வந்தா காடு பத்திரம்னு அர்த்தமா? வைரஸ் உள்ள உண்ணி பத்தடி தள்ளி இருக்கலாமே. அந்தக் காசை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுங்க. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லைன்னதும் மாத்திரை கொடுத்து அனுப்பிடறாங்க. காட்டுக்குப் போனீங்களான்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. முதல் வாரத்துல ரத்தம் எடுத்தா பிசிஆர் சோதனையில வைரஸைப் பிடிச்சிடலாம். இதுக்குன்னு தனி மருந்து கிடையாது, பழைய தடுப்பூசியையும் கர்நாடகம் நிறுத்திடுச்சு. சீக்கிரம் கண்டுபிடிச்சு ஆஸ்பத்திரியில் சேர்க்கறது ஒண்ணுதான் வழி.

மலைக்காடு:
நோயாளி வந்த பிறகு பிடிக்கறதுக்குப் பேர் கண்காணிப்பு இல்லைங்க. வளர்ந்த உண்ணி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாட்டு மேல இருக்கும். மாட்டுக்கு நோய் வராது, ஆனா மேய்ச்சலுக்குப் போய் உண்ணியைத் தொழுவம் வரை கொண்டுவரும். மழைக்கப்புறம் குஞ்சு பொரிக்கும். டிசம்பர் முதல் மே வரை கடுகளவு குட்டி உண்ணி, மனுஷனைக் கடிச்சு நோயைப் பரப்புறது பெரும்பாலும் அதுதான். மாட்டு உண்ணியைப் பார்த்துக்கிட்டே வந்தா, எந்த ஊரில் பெருகுதுன்னு சீசனுக்கு முன்னாடியே தெரியும்.

மசினகுடிக்காரி:
ரெண்டு பேரும் எங்க பக்கத்தை விட்டுட்டீங்க. செத்த குரங்கை முதல்ல பாக்கறது விறகுக்கும் தேனுக்கும் போற நாங்கதான். சொன்னா, "நீ எதுக்கு உள்ளே போனே"ன்னு கேள்வி வரும், பாதையை அடைச்சிடுவாங்க. அதனால பலரும் வாயைத் திறக்கறதில்லை. குரங்கு செத்ததும் உண்ணி உடம்பை விட்டு இறங்கி அங்கேயே கிடக்கும். ஐம்பது மீட்டர் சுத்தி மாலத்தியான் பூச்சிமருந்து தூவணும், அதை யாரும் நாள் கழிச்சுச் செய்யக் கூடாது. சொல்றவங்கமேல கேஸ் கிடையாதுன்னு எழுதிக் கொடுங்க, உண்ணி அண்டாம பூசிக்க டெபா எண்ணெய் கொடுங்க. செத்த குரங்கு ஒண்ணுகூடக் கணக்குல விட்டுப்போகாது.

காய்ச்சல் வார்டு:
அக்கா சொன்னது முழுக்க நியாயம். அதுக்கு லேப் வேண்டாம், காசும் அதிகம் வேண்டாம், மொதல்ல செய்யலாம். உண்ணிச் சோதனைக்கு இன்னும் எனக்கு மனசு ஒப்பலை டாக்டர். ஜனவரியில் ஒரு உண்ணியில் வைரஸ் இருக்குன்னு தெரிஞ்சா, காட்டோரச் சுகாதார நிலையத்து நர்ஸுக்கு யார் போன் பண்ணுவாங்க? அதுக்கு வழி இருந்தா நானும் மனுவில் கையெழுத்துப் போடுறேன்.

மலைக்காடு:
கால்நடை, வனம், சுகாதாரம் மூணும் தனித்தனியா ஃபைல் வெச்சிருந்தா அந்த போன் போகாதுதான். கர்நாடகத்துக் குண்டல்பேட்டைப் பக்கம் குரங்கு செத்தா மசினகுடிக்கும் வயநாட்டுச் சுல்தான் பத்தேரிக்கும் அன்னிக்கே தெரியணும். அக்கா கேட்ட "கேஸ் கிடையாது" உத்தரவை முதல் கோரிக்கையா வைக்கறேன், அன்னிக்கே தகவல் போகணும்கறதை ரெண்டாவதா. உண்ணிச் சோதனை மூணாவது, வருஷம் முழுக்க, அதை மட்டும் விட மாட்டேன். ராத்திரி வரைவைப் போடுறேன், திருத்திக் கொடுங்க.