பிள்ளைகளுக்கு இடைக்கால ஓவியம், சிற்பம் சொல்லிக் கொடுத்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

முழங்கால்_உயரம்:
பேயூ துணி இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த ஹேஸ்டிங்ஸ் சண்டையை நூலால் தைத்துச் சொல்லும் நீளப் படத்துணி, அதெல்லாம் விடுகிறேன். எழுபது மீட்டரையும் எங்கே ஒட்டுவது? வால் நட்சத்திரம் வரும் இடத்திலிருந்து கடைசிவரை சின்னதாக்கி பிரிண்ட் போட்டு, ஹால் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒட்டினேன். ஆறு வயது மகளுக்கு அந்த நட்சத்திரத்தையும் இங்கிலாந்து மன்னர் ஹரால்டு விழும் இடத்தையும் காட்டத்தான் இத்தனை பாடு. அவள் இரண்டையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு கீழ் ஓரத்தையே பார்த்தாள். அங்கே செத்துக் கிடப்பவர்களின் இரும்புச் சட்டையைத் தலைவழியாக உருவிக்கொண்டிருப்பார்கள். உள்ளே வெற்று உடம்பு.

"இவங்க எல்லாம் குளிக்கப் போறாங்களாப்பா?"

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் கழித்துத் தாத்தாவிடம் போனில், "சண்டை முடிஞ்சா எல்லாரும் குளிக்கணும் தாத்தா" என்கிறாள். அவரும் தன் பாட்டுக்கு, "பின்னே? சாவு விழுந்த இடத்துக்குப் போனா குளிக்காம எப்படி?" என்றார். போனைக் காதில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள். இன்னும் அது போகவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

தாராசுரத்துப்_பேத்தி:
பிணத்தை முழங்கால் உயரத்தில் ஒட்டிவிட்டு அப்புறம் கவலைப்படுவானேன்? இடைக்காலம் என்றாலே கவசமும் குதிரையும்தானா? அந்தச் சண்டைக்குச் சுமார் நூறு வருஷம் கழித்து இரண்டாம் இராசராசன் எழுப்பிய கோயில் தாராசுரத்தில் நிற்கிறது. அங்கே உள்ள ரிஷப குஞ்சரம் என்ற சிற்பம் ஒன்று போதும், ஒரு மாதம் ஓட்டலாம். ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. தலை ரெண்டுக்கும் ஒன்றுதான்.

நேரில் போக முடியாததால் போட்டோவில் காட்டினேன். என் பையனுக்கு அஞ்சு வயசு. கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான், சிரித்தான். அப்புறம் கையை எடுத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. "ஒரே வாய்தானே இருக்கு. அப்ப யாருக்கு முதல்ல பசிக்கும்?" என்றான். அவனுக்குத் தம்பி பிறந்து அப்போது நாற்பது நாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மஞ்சள்_கரு:
பேயூவா தாராசுரமா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. என் கதை முட்டை. அந்தக் காலத்து இத்தாலியில் பலகை ஓவியத்துக்குச் சாயத்தை மஞ்சள் கருவில்தான் குழைப்பார்கள். சென்னினோ சென்னினி என்ற ஓவியர் 1400 வாக்கில் எழுதி வைத்திருக்கிறார்: இளசுகள் முகத்துக்கு டவுன் கோழி முட்டை, அது வெளுத்திருக்கும்; வயசானவர் முகத்துக்கு நாட்டுக்கோழி முட்டை. இதைப் படித்ததும் என் மகனை அழைத்துக்கொண்டு ரெண்டும் வாங்கி வந்தேன். மாமியார் அடுக்களையில் முட்டை ஏறாது, மாடியில் வைத்துக்கொண்டோம்.

மஞ்சள் கருவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு உருட்டி, வெள்ளையைத் துடைத்து, மேல் தோலை விரலால் தூக்கிப் பிடித்து ஊசியால் குத்த வேண்டும். குத்தினேன். கிண்ணத்தில் வடிந்தது. காற்றுப் போன பலூன் மாதிரி தோல் மட்டும் என் விரலில் தொங்கியது. "குஞ்சு எங்கம்மா?" என்றான். கடை முட்டையில் குஞ்சு வராது என்று எவ்வளவோ சொன்னேன். இன்று வரை ஆம்லெட் தொடுவதில்லை. மாமியாருக்கு மட்டும் ஏக சந்தோஷம்.

பழைய_டிராயிங்_மாஸ்டர்:
முட்டைக்காரம்மாவுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். பச்சை முட்டை தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள். கருவுக்கு ஏறக்குறைய சமமாகத் தண்ணீர். சீக்கிரம் காய்ந்துவிடும், வாட்டர் கலர் மாதிரி இழுக்க முடியாது. பொடிப்பொடிக் கோடுகளாக அடுக்க வேண்டும், அதனாலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பிரஷ்ஷை உடனே கழுவாவிட்டால் குச்சிதான். சாயத்துக்குக் காவி, சலித்த செங்கல் தூள், விளக்குக் கரி போதும். மஞ்சள்தூள் வெயிலில் வெளுத்துவிடும். முக்கியமாக, அந்தக் காலத்துச் சாயம் என்று ஆசைப்பட்டு நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கமோ அரிதாரமோ கேட்காதீர்கள். முதலாவதில் பாதரசம், இரண்டாவதில் ஆர்சனிக். ஈயச் செந்தூரமும் வேண்டாம். ஈரச் சுண்ணாம்புமேல் வரைகிறேன் என்று யாராவது கிளம்பினால், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. தாராசுரத்தம்மா, போட்டோ பத்தாது, களிமண் கொடுங்கள். என் பேத்தி அந்த ரிஷப குஞ்சரத்தைப் பிசைந்தாள். தலை இல்லாமல்.

சுவர்_சுரண்டி:
மாஸ்டர், தலை இல்லாமல் என்று அப்படியே விட்டுவிட்டீர்களே!

நான் தஞ்சாவூர் கதை சொன்னேன். பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்பிரகாரத்தில் நாயக்கர் கால ஓவியம் உரிந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம் இருந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தது. சுந்தரர் வெள்ளை யானையில் கைலாயம் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில். மகனுக்கு ஏழு வயது. யானையைப் பற்றிக் கேட்பான் என்று பார்த்தேன், கேட்கவில்லை. "மேல இருந்ததை எதால சுரண்டினாங்க?" என்றான்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தால் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் தோசைக்கல் அகலத்துக்குக் குழி. கையில் தோசைக் கரண்டி, தலையெல்லாம் சுண்ணாம்பு. கிரீமுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ரோஸ். "நாயக்கர் வந்துட்டாருப்பா, இன்னும் கொஞ்சம்தான்" என்றான். திட்ட வாயெடுத்தவன் குனிந்து பார்த்தேன். ரோஸுக்கு அடியிலும் என்னவோ நீலமாகத் தெரிந்தது. வாடகை வீடு என்பது மறந்துபோய் நானும் நகத்தால் ஒரு தடவை சுரண்டினேன்.

இப்போது அங்கே காலண்டர் தொங்குகிறது. ஐந்தாம் தேதி ஓனர் வருவார்.