ஐந்து நிமிடத்துக்குள் ஒரு புரோகிரசிவ் ராக் பாட்டு வேண்டும்

சேலத்தில் ஒரு சிறிய சமுதாய வானொலியில் சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் கிடைத்திருக்கிறது, முழுக்கப் புரோகிரசிவ் ராக், அதாவது தாளமும் அமைப்பும் நடுவில் மாறும், பெரும்பாலும் நீளமான ராக் பாட்டுகள். கேட்பவர்களில் பாதிப்பேர் அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள், மீதி கல்லூரிப் பிள்ளைகள். நிலையத்தின் விதி ஒன்றுதான்: எந்தப் பாட்டும் ஐந்து நிமிடம் தாண்டக் கூடாது. வரும் சனிக்கிழமை முதல் ஒலிபரப்பு, இன்னும் ஒரு பாட்டு குறைகிறது.

இதுவரை பார்த்தவை: யெஸ் (Yes) குழுவின் 'ரவுண்டபவுட்' எட்டு நிமிடத்துக்கு மேல். தனிப்பாட்டாக (சிங்கிள்) வெளிவந்த அதன் மூன்றரை நிமிடச் சுருக்க வடிவத்தைப் போட்டுப் பார்த்தேன், பாட்டின் உயிரே போய்விட்டது. பிங்க் ஃபிளாய்டின் 'மணி' (1973) ஆறு நிமிடம் தாண்டுகிறது. எனக்கு அதை விட மனமே இல்லை. ஏழு எண்ணிக்கைத் தாளம், நம் கர்நாடக இசையின் மிஸ்ர சாபு கேட்ட காதுக்கு உடனே பிடிபடும். கான்சாஸ் குழுவின் 'டஸ்ட் இன் தி விண்ட்' சரியாக அமைந்தது. வயலின் வரும் இடத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். யெஸ்ஸின் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' (1983), மரிலியனின் 'கெய்லி' (1985) இரண்டும் பட்டியலில் உண்டு. ஆனால் மூன்றிலும் தாளம் பெரிதாக மாறுவதில்லை.

முதல் அரை நிமிடத்திலேயே மெட்டு பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் தாளமும் மாற வேண்டும், வெட்டாமல் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அப்படி எந்தப் பாட்டைப் போடலாம்?